மாலிங் மலைக்குப் போன பாட்டில்கள்

குன்மிங்
1984 ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

மின்ரு எழுதறேன். நான் சௌக்கியம். அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? உங்க மேட்டுல பனி விட்டுடுச்சா?

நல்ல சேதியை முதல்லயே சொல்லிடறேன். விதையிலிருந்து தியன்மா மருந்துக் கிழங்கு வந்துடுச்சு! குட்டிக் கிழங்கை நட்டு இல்ல, விதை போட்டு!

உங்க ஊர்க் கிழங்கு வருஷா வருஷம் சிறுத்துக்கிட்டே போகுது, மருந்துக்கடைக்காரங்க கையில எடுத்துப் பார்த்துட்டுக் கூடைக்குள்ள திருப்பிப் போட்டுடறாங்கன்னு எழுதியிருந்தே. அதே கிழங்கோட குட்டியையே திரும்பத் திரும்ப நட்டா வீரியம் போகாம என்ன செய்யும்? விதைதான் வழி. ஆனா தியன்மா விதை மாவைவிடப் பொடி, உள்ள துளி சத்து கிடையாது. செடிக்கு இலையும் இல்ல, வேரும் இல்ல. பூஞ்சையைத் தின்னுதான் வாழ்க்கையே. மரக்கட்டையில கறுப்புக் கயிறு மாதிரி படருமே, அது வளர்ந்த கிழங்குக்குச் சோறு போடும்னு உங்களுக்கே தெரியும். விதையை முளைக்க வைக்க வேற ஒண்ணு வேணும். உதிர்ந்த ஓக் இலையில வெள்ளையாப் படர்ற சின்னப் பூஞ்சை. அதைத்தான் மூணு வருஷமா எங்க ஆராய்ச்சி ஆபீஸ்ல பாட்டில்ல வளர்க்கிறேன்.

ஜூன்ல காய் வெடிக்கிறதுக்கு முன்னாடி உனக்குப் பாட்டில் அனுப்பறேன். உள்ள இருக்கிற இலையை உதிர்த்து, மேல விதையைத் தூவி, கறுப்புக் கயிறு படர்ந்த கட்டைக்கு மேல பரப்பி மண்ணைப் போட்டு மூடிடு. அப்புறம் கையை வைக்காதே. இது தப்பாது அக்கா.

பதிலை ஆபீசுக்கு எழுதாதே. விடுதி முகவரிக்கே எழுது. ஆபீஸ்ல தபால் காணாமப் போகுது.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை
மின்ரு


மாலிங்
மே 27

அன்புள்ள மின்ருவுக்கு,

அக்கா சூயே எழுதறது. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம். முழங்காலும் வாயும் உங்க அத்தானுக்கு ஒரே நேரத்துல வேலை செய்யாது. இப்ப வாய் வேலை செய்யுது.

உன் கடிதத்தைச் சோளம் காயப்போடற களத்துல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். இங்க மா குடும்பத்து மூணாவது பிள்ளை ஒருத்தர் இருக்கார், அறுபது வயசு ஆளு. ஊரே ‘மூணாம் மா’ன்னுதான் கூப்பிடும். அவர் எழுந்து நின்னார்.

“தியன்மாவுக்குக் கால் இருக்கு. மலைக்குப் பிடிக்கலைன்னா ராவோட ராவா ஓடிடும். பாட்டில்ல வந்தது மலைக்கு எப்படிடி பிடிக்கும்?”

“அது ஓடினா தொரத்திப் பிடிக்க எனக்கும் கால் இருக்கு சித்தப்பா”ன்னேன். களமே சிரிச்சுது.

எங்க வீட்டோட ஒன்பது வீடு சேர்ந்திருக்கு. எல்லாரும் அவங்கவங்க பங்குக் காட்டுல ஓக் மரம் வெட்டி அடுக்கியாச்சு. காடு வீட்டுக்கு வீடு பிரிச்சுக் கொடுத்த பிறகு ஒரு மரம் வெட்டறதுக்கே பத்துத் தடவை யோசிக்கிறாங்க, அது உனக்குத் தெரியணும். மூணாம் மா எல்லாரையும்விட அதிகமா வெட்டினார். “ஊரே தோக்கும்போது நான் மட்டும் வேடிக்கை பார்த்துக்கிட்டு நிப்பேனா? வரலைன்னா உன் வீட்டு அடுப்படியிலதான் உக்காருவேன், நீதான் சோறு போடணும்”னு சொல்லிட்டுப் போனார்.

உங்க அத்தான், “உன் தங்கச்சி காகிதத்துல கிழங்கு வளர்க்கிறா. நாம கல்லுல வளர்க்கணும்”ங்கறார். ஆனா கட்டையைப் பிளந்து போட்டவர் அவர்தான்.

பூத்தண்டு சிவப்பா ஈட்டி மாதிரி கிளம்பிடுச்சு. பாட்டிலை அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


குன்மிங்
ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பஸ் டிரைவர்கிட்ட இரண்டு மரப்பெட்டி கொடுத்திருக்கேன். வைக்கோல் சுத்தி அடுக்கியிருக்கேன். வெயில் படாம வாங்கி வை. விதை தூவும்போது காத்து இருக்கக் கூடாது, பேச்சுகூட வேண்டாம். ஒரு தும்மல் போதும், ஒரு காய் விதையும் பறந்து போயிடும். மூணாம் மாவைத் தள்ளி உட்கார வை.

யாராவது வந்து பாட்டில் ஏதுன்னு கேட்டா, தங்கச்சி கொடுத்தான்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல வேண்டாம்.

எல்லா வீட்டுக்கும் என் அன்பு. வரும் அக்கா, கட்டாயம் வரும்.

மின்ரு


மாலிங்
ஆகஸ்ட் 20

அன்புள்ள மின்ருவுக்கு,

நலம். நீ நலமான்னு தெரியலை. ஜூன் கடைசியில ஒரு கடிதம் போட்டேன், ஜூலையில ஒண்ணு போட்டேன். இது மூணாவது.

விதை போட்டாச்சு. எல்லாரும் வாயில துணியைக் கட்டிக்கிட்டுத் திருடங்க மாதிரி உக்கார்ந்து தூவினோம். அதுக்கப்புறம் மழை நிக்கவே இல்ல. கீழ் வரிசை விதைப்படுக்கை மேல தண்ணி தேங்குது, கால்வாய் வெட்டி விட்டேன். சில இடத்துல மண்ணுக்கு மேல பச்சையா ஏதோ பூத்திருக்கு. அது நல்லதா கெட்டதா? எழுது.

மூணாம் மா தினம் வந்து, “காலு முளைச்சுதா?”ன்னு கேட்டுட்டுப் போறார்.

உருளைக்கிழங்கு இந்த வருஷம் நல்லா வந்திருக்கு. பன்னி எட்டுக் குட்டி போட்டிருக்கு.

அக்கா


மாலிங்
செப்டம்பர் 29

மின்ருவுக்கு,

நிலவுப் பண்டிகையும் போயிடுச்சு. உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. உடம்பு சரியில்லையா? கல்யாணம் பண்ணிக்கிட்டியா? எதுவானாலும் எழுது. திட்டமாட்டேன்.

ஊருக்குள்ள நான் தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன். ஆனா கேக்கறாங்க. “உன் தங்கச்சி என்ன எழுதியிருக்கா?”ன்னு கேட்டா, “நல்லா இருக்கு, பொறுங்கன்னு எழுதியிருக்கா”ங்கறேன். நீ எழுதாத கடிதத்தை நானே படிச்சுக்கிட்டு இருக்கேன்.

அக்கா


அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னிச்சிடு, வேலை அதிகம். உன் கடிதமெல்லாம் மொத்தமா இப்பதான் கைக்கு வந்துது. நான் நல்லா இருக்கேன்.

பச்சையாப் பூத்தது வெறும் மேல்பாசி. பயப்படாதே. கால்வாய் வெட்டினது ரொம்பச் சரி. படுக்கையைத் திறக்க வேண்டாம். உள்ள வேலை நடந்துக்கிட்டு இருக்கு. நான் பக்கத்துல நின்னு பார்க்கிற மாதிரி நிச்சயமாச் சொல்றேன்.

குளிர் வருது, அத்தான் முழங்காலுக்கு ஆட்டுத்தோல் கட்டிக்கச் சொல்லு.

மின்ரு


மாலிங்
நவம்பர் 21

மின்ரு,

நாங்க நலம். உன் உறை மேல இருந்த முத்திரை குன்மிங் இல்ல, சூஜிங். அப்பவே என் மனசுல நெருடுச்சு. கேக்கலாமா வேண்டாமான்னு இருந்தேன். இப்ப கேக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.

மூணாம் மாவோட அண்ணன் மகன் லாரி ஓட்டறான். குன்மிங்குக்குச் சரக்கு ஏத்திக்கிட்டுப் போனவன், ஊர் சார்பா உனக்கு உப்புக்கண்டம் போட்ட ஒரு பன்னித் தொடை கொடுக்கலாம்னு உன் ஆபீஸ் வாசலுக்கே போயிருக்கான். வாசல்காரன் சொன்னானாம், “அந்தப் பேர்ல இப்ப யாரும் இல்ல. அனுமதி இல்லாம பாட்டிலை வெளிய கொடுத்தாங்கன்னு ஜூலையிலயே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க.” தொடையைத் திருப்பித் தூக்கிக்கிட்டு வந்து களத்துல வச்சான்.

அன்னிக்குச் சாயங்காலமே மத்த எட்டு வீடும் கோடாலியோட என் விதைப்படுக்கைக்கிட்ட வந்து நின்னுது. யாரும் கத்தலை. அதுதான் எனக்குப் பயமா இருந்துது.

“துரத்தி விட்ட ஆளோட பாட்டில்னு ஏன் சொல்லலை?”

“எனக்கே இப்பதான் தெரியும்”னேன்.

மூணாம் மா, “இன்னும் ஒரு மாசம் போனா கட்டை உளுத்து அடுப்புக்குக்கூட ஆகாது. தோண்டி எடுத்துக்கிட்டுப் போறோம் சூயே. உன் மேல கோபம் இல்ல. குளிருக்கு விறகாவது மிஞ்சட்டும்”னார்.

“முதல்ல என் படுக்கையைத் திறக்கறேன். உள்ள ஒண்ணும் இல்லைன்னா, உங்க கட்டையை நானே முதுகுல சுமந்து உங்க வீட்டுல போடறேன்”னேன்.

திறந்தேன். இலையெல்லாம் கறுத்துக் கூழாக் கிடக்கு. ஒண்ணுமே தெரியலை. இன்னும் வேகமாத் தோண்டினேன். அப்ப உங்க அத்தான் வலிக்கிற முழங்காலை மடிச்சு உக்கார்ந்து, கட்டை ஓரத்துல இருந்த மண்கட்டியை உடைச்சார். உள்ள அரிசி! அரிசி மாதிரி வெள்ளை வெள்ளையா, கட்டை நீளத்துக்கும் அப்பியிருக்கு.

மூணாம் மா குனிஞ்சு, “புழு முட்டை”ன்னார்.

நான் ஒண்ணை நகத்தால நசுக்கி அவர் மூக்குக்கு நேரா நீட்டினேன். மோந்து பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். முகம் கோணிப்போச்சு.

“குதிரை மூத்திரம்!”

பச்சைத் தியன்மா நாத்தத்தை இந்த மலையில யாரும் மறக்க மாட்டாங்க. அவர் சொன்னதும் கூட்டமே விழுந்து விழுந்து சிரிச்சுது. கோடாலியெல்லாம் தோளுக்குப் போச்சு. மத்த படுக்கையை யாரும் திறக்கலை, எல்லாரும் மண்ணை இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டுட்டுப் போனாங்க. அன்னியிலிருந்து மூணாம் மா வழியில போறவங்களை எல்லாம் நிறுத்தி, “விதை போட்டோம், விதை!”ன்னு சொல்லிக்கிட்டுத் திரியறார்.

கிழங்கு வந்துடுச்சு மின்ரு. நீ சொன்னது சரிதான். ஆனா என்னை எட்டு வீட்டுக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாதவளா நிக்க வச்சியே. அதுக்கு என்ன சொல்றே?

அக்கா


சூஜிங்
டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய விடுதி வழியா வந்த உன் கடிதத்தைப் படிச்சுட்டு, வகுப்புன்னுகூடப் பார்க்காம “அரிசி!”ன்னு கத்திட்டேன். பசங்க பயந்துட்டாங்க. ஆமா, இப்ப நான் இங்க விவசாயப் பள்ளியில பாடம் எடுக்கறேன். அறை சின்னது, ஜன்னல் பெருசு. உடம்பு நல்லா இருக்கு.

என் தலைவர் பேராசிரியர் ஃபான் கெட்டவர் இல்ல. “இன்னும் ஒரு பருவம் பொறு, வேற வேற மண்ணுல போட்டுப் பார்த்துட்டு வெளிய கொடுக்கலாம்”னார். நான் பொறுக்கலை. உங்க கிழங்கு சுண்டுவிரல் அளவுக்கு வந்துடுச்சுன்னு நீ எழுதின வரி கண்ணுலயே நின்னுது. எடுத்துக் கொடுத்தேன். கேட்டாங்க, நான்தான்னு ஒத்துக்கிட்டேன். அனுப்பிட்டாங்க.

உன்கிட்ட ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா ஒன்பது வீட்டையும் நீ நிறுத்தி வச்சிருப்பே. உன்னை எனக்குத் தெரியும். அப்புறம் ஜூலையில என் பெட்டியைக் கட்டினப்ப, உனக்கு எழுத நாலு தடவை உக்கார்ந்தேன். நான் தடுமாறறேன்னு தெரிஞ்சா நீயும் தடுமாறிடுவேன்னு தோணிச்சு. அதான் நிச்சயமாத் தெரிஞ்ச மாதிரியே எழுதினேன்.

உன்னை அப்படி நிக்க வச்சது தப்பு. பாட்டில் கொடுத்தது தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன்.

மின்ரு


மாலிங்
1985 மார்ச் 3

மின்ருவுக்கு,

நலம். லாரியில உப்புக்கண்டத் தொடை வருது. புகை படற இடத்துல கட்டித் தொங்கவிடு.

கோபம் இன்னும் தீரலை.

அக்கா


மாலிங்
நவம்பர் 30

அன்புள்ள மின்ருவுக்கு,

எல்லாரும் நலம், முழங்கால் உட்பட. இந்தக் கடிதத்தை மெதுவாப் படி.

அறுவடை முடிஞ்சுது. என் படுக்கையில ஒவ்வொரு கிழங்கும் உள்ளங்கைக்கு அடங்கலை. மஞ்சளா, கனமா, நுனியில கிளி மூக்கு மாதிரி சிவப்பு மொட்டோட இருக்கு. மருந்துக்கடைக்காரர் எடுத்ததைக் கீழ வைக்கவே இல்ல. எங்களோட சேர்த்து எட்டு வீட்டுல இதே கதைதான். ஒரு வாரமா ஊர் பூரா கோழியும் தியன்மாவும் வேகற வாசனை.

ஒன்பதாவது வீடு மூணாம் மா.

அவர் கடைசியாத்தான் தோண்டினார். சொந்தக்காரங்களை எல்லாம் வரச் சொல்லி, சோளச் சாராயம் ஊத்தி வச்சுட்டுத் தோண்டினார். முதல் படுக்கையில ஒண்ணும் இல்ல. இரண்டாவதுலயும் இல்ல. நாலையும் திறந்தார். கறுப்புக் கயிறு நல்லா கட்டியிருக்கு, கட்டை நல்லா இருக்கு. கிழங்கு மட்டும் ஒண்ணுகூட இல்ல. ஊர்லயே அதிகமா மரம் வெட்டினவர் அவர்தான், ஞாபகம் இருக்கா? சாராயத்தை எடுத்து வந்தவங்களுக்கு ஊத்திக் கொடுத்துட்டு, “நான் சொன்னேன்ல, கால் இருக்குன்னு”ன்னார். யாரும் சிரிக்கலை.

அடுத்த நாள் எட்டு வீடும் ஆளுக்கு ஒரு கூடை குட்டிக் கிழங்கு கொண்டுபோய் அவர் வாசல்ல வச்சோம். “எடுத்துக்கிட்டுப் போங்க. நான் இன்னும் சாகலை”ன்னு கதவைச் சாத்திட்டார்.

இதுக்கு நடுவுல உன் பேராசிரியர் ஃபான் ஜீப்புல வந்தார். சேதி எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கு. நான் படுக்கைக்கு முன்னாடி நின்னுக்கிட்டேன்.

“இது என் தங்கச்சி கொடுத்த பாட்டில்ல வந்தது. அதை ஒத்துக்கிட்டா பார்க்கலாம்”னேன்.

“அதை ஒத்துக்கத்தான் வந்தேன்”னார். மனுஷன் ஷூவோட சேத்துல இறங்கி ஒவ்வொரு கிழங்கா எடுத்துப் பார்த்தார். கண்ணு பளபளன்னு இருந்துது. அப்புறம் மூணாம் மா படுக்கைக்குப் போய் வெறும் மண்ணைக் கிளறிப் பார்த்தார். “நான் ஒரு பருவம் பொறுக்கச் சொன்னது இதுக்காகத்தான்மா. எட்டு இடத்துல ஏன் வந்துதுன்னு எனக்குத் தெரியும். இந்த ஒரு இடத்துல ஏன் வரலைன்னு எனக்கும் தெரியலை, உன் தங்கச்சிக்கும் தெரியாது”ன்னார்.



உன்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடப் போறாராம். உத்தரவு வரும். நீ சந்தோஷப்படணும். நானும் சந்தோஷமாத்தான் இருக்கேன். ஆனா தினம் காலையில அந்த மனுஷன் வாசலைத் தாண்டித்தான் தண்ணிக்குப் போக வேண்டியிருக்கு.

அக்கா


சூஜிங்
டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உத்தரவு வந்துடுச்சு. உன் கடிதம் அதுக்கு முந்தின நாள் வந்துது. அந்த வரிசையில வந்ததே நல்லது.

பேராசிரியருக்கு எழுதிட்டேன். திரும்ப வர்றேன், ஆனா முதல் வேலையா மாலிங் வரணும்னு. சரின்னுட்டார்.

தப்பாதுன்னு உனக்கு எழுதினேன். எட்டு வீட்டுக்கு அது உண்மை. ஒரு வீட்டுக்குப் பொய். எட்டைக் காட்டி ஒண்ணை மறைக்க எனக்கு வராது. வேலை தெரிஞ்சவங்க செய்யற காரியம் இல்ல அது. ஏன் வரலைன்னு கண்டுபிடிப்பேன். இதை நிச்சயமாச் சொல்றேன். இந்தத் தடவை எனக்கு இன்னும் தெரியாதுங்கறதையும் சேர்த்தே சொல்றேன்.

பள்ளி முடிஞ்சதும் முதல் பஸ்ல வர்றேன். மூணாம் மாகிட்ட நானே பேசிக்கறேன், நீ முன்னாடியே போய்ச் சமாதானம் பண்ணாதே.

மின்ரு


மாலிங்
1986 பிப்ரவரி 4

அன்புள்ள மின்ருவுக்கு,

இங்க இருந்து நல்லபடியாப் போய்ச் சேர்ந்தேன்னு தந்தி வந்துது. இருமல் நின்னுதா? அவ்வளவு நாள் அந்த ஈரத்துல மூணாம் மாவோட படுக்கைக்குள்ள குனிஞ்சே கிடந்தா இருமல் வராம என்ன வரும்!

முதல் நாள் நீ அவர் கதவைத் தட்டினப்ப நான் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். “என் மரத்தைத் தின்னவ நீதானா?”ன்னு கேட்டார். “நான்தான் சித்தப்பா. மண்வெட்டி இருக்கா?”ன்னே. வேற ஒருத்தியா இருந்தா அழுதிருப்பா. அன்னிக்குத்தான் என் கோபம் போச்சு. உன்கிட்ட சொல்லலை, இப்ப எழுதறேன்.

நீ கிளம்பறப்ப அவர்கிட்ட சொன்னது, இரண்டு காரணம் இருக்கலாம்னு. அவர் பங்குக்கு வந்த பாட்டில்ல இருந்த பூஞ்சை வழியிலயே செத்திருக்கலாம். இல்லைன்னா அவர் பக்கத்துக் களிமண்ணுல தண்ணி நின்னு விதை அழுகியிருக்கலாம். எதுன்னு தெரியணும்னா, புதுப் பாட்டிலை அதே களிமண்ணுல ஒரு படுக்கை, மேட்டு மண்ணுல ஒரு படுக்கை போட்டுப் பார்க்கணும். ஆனா இனிமே அவர் மரத்தை வெட்டச் சொல்ல உனக்கு உரிமை இல்லைன்னு சொல்லிட்டு பஸ் ஏறினே. நான் என் காட்டுல இருந்து கட்டை கொடுக்கலாம்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன்.

இன்னிக்குக் காலையில வீட்டைப் புது வருஷத்துக்குப் பெருக்கிக்கிட்டு இருக்கேன், கோடாலிச் சத்தம் கேக்குது. ஓடிப்போய்ப் பார்த்தா, அவர் பங்குக் காட்டுல மிஞ்சி நின்னது இரண்டே ஓக் மரம். ஒண்ணு ஏற்கெனவே சாஞ்சு கிடக்கு. இரண்டாவதுல பாதி இறங்கியாச்சு.

“சித்தப்பா, ஒண்ணையாவது விடுங்க! என் காட்டுல இருக்கு, நான் தர்றேன்!”

அவர் வேர்வையைத் துடைச்சுக்கிட்டு என்னை முறைச்சார்.

“உன் மரத்துல உன் தோல்விதான் தெரியும். எனக்கு என்னோடது தெரியணும். களிமண்ணுக்கு ஒண்ணு, மேட்டுக்கு ஒண்ணு. ஜூன்ல பாட்டிலோட வரச் சொல்லு அவளை.”

சொல்லிட்டுக் கோடாலியை ஓங்கினார். நான் நகர்ந்து நின்னேன்.

அக்கா